உல்லம் ஏறாத கங்கை

மக்களே, உல்லம் மீன் தெரியும்ல? வங்காளிகளோட இலிஷ். ஆபீஸ்ல என் பக்கத்து சீட்டுக்காரர் அந்தப் பேரைக் கேட்டாலே உருகிடுவார் ;-)

கடல்ல வளர்ந்து, முட்டையிட ஆத்துல எதிர்நீச்சல் போட்டு ஏறும். ஒரு காலத்துல அலகாபாத்தையும் (இப்ப பிரயாக்ராஜ்) தாண்டி ஆக்ரா வரைக்கும் போயிருக்கு. 1975-ல ஃபராக்கா தடுப்பணை வந்துச்சு. ரெண்டேகால் கிலோமீட்டர் நீளம். கல்கத்தா துறைமுகத்துல சேர்ற வண்டலை அடிச்சுப்போக, கங்கைத் தண்ணியை ஹூக்ளிக்குத் திருப்பணுமாம். மீனுக்கும் தனியா வழி வச்சுத்தான் கட்டினாங்க, பெருசா பிரயோஜனப்படலை. அலகாபாத் பக்கம் உல்லம் அநேகமா காலி, அதை நம்பியிருந்த மீனவங்க பொழப்பும்தான். துறைமுகத்துல இன்னமும் தூர் வாரிக்கிட்டுதான் இருக்காங்க!

நம்ம காவிரியில, 1934-ல வந்த மேட்டூர் அணைக்கப்புறமே உல்லம் குறைஞ்சுபோச்சு. கொள்ளிடத்துல உல்லம் பிடிச்ச கதை உங்க வீட்டுப் பெரியவங்க சொல்லியிருந்தா எழுதுங்களேன்.