ஆள்வோர் மாளிகையும் அறிஞர் அவையும்

ஒரு நிறுவனத்தைத் தொடங்குதல் எளிது. அதனை ஒழுங்குபட நடத்துதல் அரிது. ஆண்டுதோறும் பொதுக்குழுவைக் கூட்டி, வரவு செலவுக் கணக்கைப் படித்து, புதிய செயற்குழுவைத் தேர்ந்தெடுக்கும் நம் சங்கத்து அன்பர்கள் இவ்வுண்மையை நன்கு அறிவர். அரசாங்கமே முன்னின்று தொடங்கிய பெரியதோர் ஆராய்ச்சி நிலையத்தை யார் நடத்துகின்றனர்? பணம் தருவோர் அரசினர், சிந்திப்போர் அறிஞர். இவ்விரு சாராருக்கும் நடுவே நின்று ஆட்சி புரிவோர் யாவர்? இவ்வினாவுக்கு விடை காணும்பொருட்டுச் சிம்லாவில் உள்ள இந்திய உயர் ஆய்வு நிறுவனத்தின் வரலாற்றை ஈண்டு எடுத்துக்கொள்கின்றோம்.

மலைமேல் எழுந்த மாளிகை

1864ஆம் ஆண்டு முதல் சிம்லா ஆங்கில அரசின் கோடைக்காலத் தலைநகரமாக விளங்கியது. வெயில் ஏறத் தொடங்கியதும் வைசிராயும் அவருடைய அலுவலகங்களும் கோப்புக் கட்டுகளுடன் மலையேறுவது வழக்கமாயிற்று. அவர்களுக்காக அப்சர்வேட்டரி குன்றின்மேல் எழுப்பப்பட்டதே வைசிராய் மாளிகை. டப்ரின் பிரபு 1888ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் அதில் குடிபுகுந்தார்.

இம்மாளிகையை வடிவமைத்த ஹென்றி இர்வின் என்னும் பொறியாளர் தமிழ்நாட்டினருக்குப் புதியவர் அல்லர். சென்னை உயர்நீதிமன்றத்தைக் கட்டி முடித்தவரும், கன்னிமாரா நூலகக் கட்டடத்தையும் மைசூர் அரண்மனையையும் வகுத்தளித்தவரும் அவரே. 1908இல் திறக்கப்பெற்ற எழும்பூர் இரயில் நிலையத்தின் அமைப்பிலும் அவருடைய கை உண்டு. விடுமுறைக்கு ஊர் சென்று எழும்பூரில் வண்டி ஏறிய நம்மவர் பலர், சிம்லா மாளிகையின் உடன்பிறப்பைத் தம்மை அறியாமலே கண்டு வந்தவர் ஆவர்.

மாளிகை எழுந்து பதினைந்து ஆண்டு கழித்தே இருப்புப்பாதை வந்தது. கல்காவிலிருந்து சிம்லா செல்லும் 2 அடி 6 அங்குலக் குறுகிய பாதை 1903ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 96 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையில் இன்று நூற்றிரண்டு சுரங்கங்கள் உள்ளன. 2008இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. இரயில்வே குடும்பத்தினராகிய நமக்கு இது பெருமை தருவதொன்று.

அம்மாளிகையில் நாட்டின் விதியே பேசப்பட்டது. 1945ஆம் ஆண்டு ஜூனில் வேவல் பிரபு கூட்டிய சிம்லா மாநாடு அங்கேதான் கூடி, ஜூலையில் பயனின்றிக் கலைந்தது. 1947 மே மாதத்தில் மவுண்ட்பேட்டன் பிரபு தம்முடைய திட்டத்தை நேருவிடம் காட்டி, அவர் அதனை அடியோடு மறுத்ததும் சிம்லாவில்தான். மாற்றுத் திட்டத்தைச் சில மணி நேரத்தில் எழுதித் தந்த வி.பி. மேனன், கல்லூரி வாசலை மிதியாமல் எழுத்தராய்ப் பணியில் சேர்ந்து உயர்ந்தவர் என்பதை நம் இளைஞர்கள் நினைவிற் கொள்வார்களாக.

இராதாகிருஷ்ணன் அளித்த கொடை

விடுதலைக்குப் பின் அம்மாளிகை இராஷ்டிரபதி நிவாஸ் என்னும் பெயருடன் குடியரசுத் தலைவரின் கோடை இல்லமாயிற்று. ஆண்டில் சில நாள் தங்குவதற்கு அத்துணைப் பெரிய மனை எதற்கு? 1962இல் குடியரசுத் தலைவராகிய டாக்டர் இராதாகிருஷ்ணன் அதனை அறிஞர்களின் உறைவிடமாக்கக் கருதினார். திருத்தணியில் அவர் பிறந்த ஆண்டும் 1888 ஆகும். மாளிகையும் மனிதரும் ஒரே ஆண்டினர்!

நிறுவனத்துக்குரிய சங்கம் 1964ஆம் ஆண்டு அக்டோபரில் பதிவு செய்யப்பட்டது. ஓராண்டு கழித்து, 1965 அக்டோபர் 20ஆம் நாள் இராதாகிருஷ்ணன் நிறுவனத்தைத் திறந்துவைத்தார். அப்போது குடியரசுத் துணைத் தலைவராய் இருந்த டாக்டர் ஜாகிர் உசேன் சங்கத்தின் தலைவர். கல்வி அமைச்சராய் இருந்த எம்.சி. சாக்ளா துணைத் தலைவர். வங்க நாட்டு வரலாற்றறிஞர் நீஹார் ரஞ்சன் ராய் முதல் இயக்குநராகப் பொறுப்பேற்றார். ஆடல் அரங்காய் இருந்த கூடம் நூலகமாயிற்று. ஆணை பிறந்த அறைகளில் ஆய்வு பிறக்கலாயிற்று.

ஒரே சட்டம், இரு சங்கங்கள்

இனி ஆட்சி முறையைக் காண்போம். இந்நிறுவனத்தை அரசாங்கம் தன் அலுவலகங்களுள் ஒன்றாக வைத்துக்கொள்ளவில்லை. 1860ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின்கீழ் ஒரு சங்கமாகப் பதிவு செய்தது. நம் காலனியில் பொங்கல் விழா நடத்தும் சங்கமும் அதே சட்டத்தின்கீழ்ப் பதிவானதே அன்றோ! எழுவர் கூடி, நோக்கங்களை எழுதிக் கையொப்பமிட்டு, விதிகளுடன் பதிவாளரிடம் தந்தால் சங்கம் பிறந்துவிடுகின்றது. ஆண்டுதோறும் ஆட்சிக் குழுவினர் பட்டியலைப் பதிவாளருக்கு அனுப்புதல் வேண்டும். வேறு அறங்காவலர் இல்லாதவிடத்துச் சொத்துகள் ஆட்சிக் குழுவின் பொறுப்பிலேயே நிற்கும். எனவே சட்டத்தின் கண்ணுக்குச் சிம்லா மாளிகையின் சங்கமும் நம் சங்கமும் ஓரினமே.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. ஐந்தில் மூன்று பங்கு உறுப்பினர் இசைந்தால் ஒரு சங்கத்தைக் கலைத்துவிடலாம் என்பது சட்டம். ஆனால் அரசாங்கம் உறுப்பினராகவோ பணம் தருவதாகவோ உள்ள சங்கத்தை அரசின் இசைவின்றிக் கலைத்தல் இயலாது. அன்றியும், கலைந்த சங்கத்தின் எஞ்சிய பொருளை உறுப்பினர் தமக்குள் பங்கிட்டுக்கொள்ளவும் முடியாது. பொதுப்பொருள் பொதுப்பொருளாகவே நிற்றல் வேண்டும் என்பதே இதன் கருத்து.

சிம்லா நிறுவனத்தின் ஆட்சி மூன்று படிகளாய் அமைந்துள்ளது. தலைவரையும் துணைத் தலைவரையும் உடைய சங்கம் முதற்படி. அது பொதுவான போக்கை நோக்குவது. ஆட்சிக் குழு இரண்டாம் படி. நடைமுறை முடிவுகளை எடுப்பது அதுவே. கல்வி, நிதித் துறைகளின் அதிகாரிகள் பதவி வழியாகவும், அறிஞர்கள் அரசின் நியமனத்தாலும் இவற்றில் இடம் பெறுகின்றனர். பணச் செலவை முன்கூட்டி ஆராய நிதிக் குழு ஒன்றும் உண்டு. மூன்றாம் படி இயக்குநர். அவரை நியமிப்பது மத்திய அரசு. அன்றாட நிர்வாகம் அவர் கையில்.

பணம் ஆண்டுதோறும் மத்திய அரசின் மானியமாக வருகின்றது. ஆதலின் இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அலுவலகம் கணக்கைத் தணிக்கை செய்கின்றது. ஆண்டறிக்கையும் தணிக்கை அறிக்கையும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் வைக்கப்படுகின்றன. ஆய்வாளர் என்ன எழுத வேண்டும் என்பதை மட்டும் எந்த அமைச்சகமும் சொல்வதற்கில்லை. இரண்டாண்டு வரை அங்குத் தங்கும் ஆய்வாளர் தம் பொருளைத் தாமே ஆராய்ந்து, முடிவில் ஒரு நூலை எழுதி ஒப்படைத்துச் செல்கின்றார். கணக்குக்கு மேற்பார்வை, கருத்துக்கு உரிமை என்பதே இவ்வமைப்பின் உயிர்நாடி.

காவல் யாரிடம்?

இவ்வளவு வேலி போட்டும் அச்சம் நீங்கியதா எனின், இல்லை. தலைவரும் இயக்குநரும் உறுப்பினரில் பெரும்பாலாரும் அரசின் நியமனம் பெற்றவரே. நல்லோர் நியமனம் பெற்றால் அமைப்பு செழிக்கும். நாற்காலிகள் காலியாய்க் கிடந்தாலோ, உறுப்பினர் வந்து தேநீர் அருந்திக் கையொப்பமிட்டு மட்டும் சென்றாலோ, விதிப் புத்தகம் எத்துணைச் சிறந்ததாயினும் பயனில்லை. சட்டம் கதவைத்தான் அமைக்கும். காவலை மனிதரே செய்தல் வேண்டும்.

மாளிகைக்கும் ஒரு சோதனை வந்தது. அதனைச் சுற்றுலா விடுதியாக்கும் பேச்சு எழுந்தபோது, ஒரு குடிமகனின் வழக்கு உச்ச நீதிமன்றம் சென்றது. 1997ஆம் ஆண்டு அந்நீதிமன்றம் மாளிகையைத் தேசியச் சின்னமாகப் பாதுகாக்க ஆணையிட்டது. ஆட்சிக் குழுவுக்கு வெளியே நின்ற ஒருவரும் பொதுப்பொருளுக்குக் காவலராகலாம் என்பதற்கு இது சான்று.

அன்பர்களே! பொதுக்குழுக் கூட்டம் என்றால் நம்மில் பலர் சிற்றுண்டி வேளைக்குத்தான் வந்து சேருகின்றோம். கணக்குப் படிக்கும்போது கடிகாரத்தைப் பார்க்கின்றோம். சிம்லா மலைமேல் குடியரசுத் துணைத் தலைவர் தலைமை தாங்கிய சங்கத்துக்கும் இக்காலனியில் நாம் கூட்டும் சங்கத்துக்கும் அடிப்படை ஒன்றே: உறுப்பினரின் விழிப்பு. நம் நூலக அலமாரியில் உள்ள நூல்களும், நம் பிள்ளைகள் தமிழ் பயிலும் மாலை வகுப்பும் நாம் காக்கும்வரையே நிலைக்கும். அடுத்த பொதுக்குழுவில் கணக்குப் படிக்கும்போது நாம் அனைவரும் அமர்ந்து கேட்போமாக. ஐயம் எழுந்தால் அன்புடன் வினவுவோமாக. சங்கம் வளர்க!