வெள்ளீயச் சிப்பாயின் மேலங்கி



டென்மார்க்கு நாட்டு ஆசிரியர் ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1838-ஆம் ஆண்டில் வெளியிட்ட சிறுகதையொன்றை உங்களிற் சிலர் படித்திருக்கக்கூடும். பழைய ஈயக் கரண்டியொன்றை உருக்கி வார்த்த இருபத்தைந்து சிப்பாய்களின் கதை அது. கடைசியாக வார்க்கப்பட்டவனுக்கு ஈயம் போதாமற் போகவே, ஒற்றைக்கால்தான் வாய்த்தது. சிறுவயதில் அதைப் படித்தபொழுது அவனுடைய காலைப்பற்றி நான் கவலைப்பட்டதுண்டு. பின்னாளில் மீண்டும் படிக்கையில் வேறொரு வினா எழுந்தது. அவன் அணிந்திருந்த சிவப்பும் நீலமுமான உடைக்கு வர்ணம் தீட்டியவர் யார்? கதை அதைச் சொல்லவில்லை. வரலாறு ஓரளவு சொல்லுகிறது.

ஜெர்மனியில் நியூரம்பர்க் என்ற நகரம் விளையாட்டுப் பொருள்களுக்குப் பேர்போனது. அங்கே 1760-இல் வெள்ளீயக் கைவினையில் ‘மாஸ்டர்’ என்னும் தகுதி பெற்றவர் யோஹான் கோட்பிரீட் ஹில்பெர்ட். ஏழாண்டுப் போரில் (1756–1763) பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரெடரிக் பெற்ற புகழ் ஐரோப்பாவெங்கும் பரவியிருந்த காலம் அது. ஹில்பெர்ட் அம்மன்னரையும் அவருடைய படைகளையும் பொம்மைகளாக வார்த்தார். இரண்டு ஸ்லேட் கற்களில் உருவத்தின் இருபுறங்களையும் குடைந்து, கற்களைப் பொருத்தி, இடையே உருகிய ஈயத்தை ஊற்றுவார்கள். கிடைப்பது ஒரு நாணயத்தைப்போலத் தட்டையான உருவம். அதற்குத் திரட்சி தருவது வர்ணமே. முகத்தின் ஒரு பக்கத்தில் நிழலையும், தோளின்மேல் ஒளியையும், அங்கியின் மடிப்புகளில் இருளையும் தீட்டினால்தான் தட்டை ஈயம் மனிதனாக எழுந்து நிற்கும். ஆகவே இக்கலையில் தூரிகைக்குரிய பங்கு உளிக்குரிய பங்கிற்குக் குறைந்ததன்று என்பது என் எண்ணம்.

1839-இல் அதே நகரில் எர்ன்ஸ்ட் ஹைன்ரிக்சன் தொழில் தொடங்கினார். ஏறத்தாழ 30 மில்லிமீட்டர் உயரமுள்ள அவருடைய வீரர்கள் நாளடைவில் ஒரு பொது அளவாகவே ஆகிவிட்டனர். மெல்லிய மரப்பெட்டிகளில் அடைத்து எடைக்கணக்கில் விற்றார்கள். படைவீரரைப் பவுண்டுக் கணக்கில் வாங்கிய சிறுவர்களை எண்ணும்பொழுது சிரிப்பு வருகிறது. ஆனால் அவ்வீரர்களுக்கு வர்ணந் தீட்டியவர்களை எண்ணினால் சிரிப்பு அடங்கிவிடும். அந்த வேலை பெரும்பாலும் வீடுகளில், பெண்களாலும் குழந்தைகளாலும் சொற்பக் கூலிக்குச் செய்யப்பட்டது. ஒரு நாட்டுச் சிறுவன் விளையாடுவதற்காக அதே நாட்டின் மற்றொரு சிறுவன் விளக்கொளியிற் குனிந்து சட்டைப் பொத்தான்களைப் புள்ளியிட்டுக்கொண்டிருந்தான்.

பெரியவர்களும் இவ்விளையாட்டை விட்டுவைக்கவில்லை. நம் நாட்டிற் பிறந்த சதுரங்கத்தை விரித்து 1780-இல் ஹெல்விக் என்பவர் பிரன்ஸ்விக் நகரில் ஒரு போராட்டப் பலகையை அமைத்தார். 1812-இல் ரைஸ்விட்ஸ் என்பவர், ஆறுகளும் சாலைகளும் வர்ணத்தில் தீட்டிய சதுரத் துண்டுகளை இடம் மாற்றி வைத்து எந்நிலப்பரப்பையும் உருவாக்கவல்ல மேசையொன்றைப் பிரஷ்ய மன்னருக்கு அளித்தார். அவர் மகன் திருத்தி 1824-இல் வெளியிட்ட விதிகள் இராணுவப் பயிற்சிக்கே உரியனவாயின.

இங்கிலாந்தில் 1893-இல் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளே கூடான ஈயச் சிப்பாய்களை வார்த்து விலையைக் குறைத்தது. அவற்றைத் தரையிற் பரப்பி, மரத்துண்டுகளை எறியும் சிறு பீரங்கிகளால் சுட்டு விளையாடினார் எழுத்தாளர் எச். ஜி. வெல்ஸ். அவ்விளையாட்டின் விதிகளை 1913-இல் நூலாக்கி, மெய்யான போரைவிடப் பொம்மைப் போரே மேலென்று வாதிட்டார். மறு ஆண்டே முதல் உலகப்போர் மூண்டது. காரீயம் நஞ்சு என்ற காரணத்தால் 1966-இல் அந்நாட்டில் ஈயச் சிப்பாய்களின் உற்பத்தி நின்றது. அந்த நஞ்சோடு வார்ப்புக்கூடங்களிற் பழகியவர்களைப்பற்றி அதற்கு முன் எவ்வளவு கவலை இருந்ததோ!

பின்னர் வந்த மாறுதல் வியப்பானது. 1983-இல் வெளிவந்த ‘வார்ஹாமர்’ போன்ற மேசைப்போர் விளையாட்டுகளில், வாங்குபவரே தம் படைக்கு வர்ணந் தீட்டவேண்டும். அதற்கென்றே 1987 முதல் ‘கோல்டன் டீமன்’ என்ற போட்டி நடைபெற்று வருகிறது. முதன்மையான படைப்புக்குப் பரிசு ஒரு வாள்! கூலிக்காரரின் வேலை விருப்பக்காரரின் கலையாயிற்று.

இக்கலையில் மிகக் கடினமானது, அச்சும் ஒட்டுப்படமுமின்றிக் கையாலேயே கோலம் தீட்டுவது. உருவத்தின் உயரம் 28 மில்லிமீட்டர். அதன் மேலங்கி நம் கட்டைவிரல் நகத்தளவு. அங்கே கொடியும் மலரும் சிங்கமும் எழுதுகிறார்கள். நம் வீட்டுப் பெண்கள் வாசலிற் செய்வதுபோல முதலிற் புள்ளிகளை வைத்து இடத்தை அளந்துகொள்வார்கள். வர்ணத்தை நீர்விட்டு இளக்கி, தூரிகையின் மிகுதியைக் காகிதத்தில் ஒற்றிவிட்டு, இரு மணிக்கட்டுகளையும் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து வரைவார்கள். மெல்லிய கோட்டை மெல்லியதாகவே வரைவதில்லை என்பதுதான் இதில் நான் கற்ற இரகசியம். சற்றுத் தடிப்பாக வரைந்துவிட்டு, இருபுறமும் பின்னணி நிறத்தைக் கொண்டு அறுத்து மெலிவிக்கிறார்கள். மேலும், மடிப்பு உயருமிடத்தில் அந்தக் கொடியும் வெளுக்கவேண்டும்; தாழுமிடத்தில் அதுவும் கறுக்கவேண்டும். இல்லையேல் துணியில் நெய்த பூவாகத் தோன்றாது, துணிக்குமேல் ஒட்டிய பூவாகிவிடும். நானும் ஒருமுறை முயன்றேன்; மூன்று மாலைகள் கழிந்தபின் என் வீரனின் முதுகில் மிஞ்சியது மை கொட்டினாற்போன்ற கறையொன்றே.

பவேரியாவில் குல்ம்பாக் நகரின் பிளாஸன்பர்க் கோட்டையில், 1929-இல் நிறுவப்பெற்ற வெள்ளீய உருவங்களின் அருங்காட்சியகம் உள்ளது. அங்கே ஏறத்தாழ மூன்று லட்சம் உருவங்கள் அணிவகுத்து நிற்கின்றன. பழைய உருவங்கள் சிலவற்றில் அச்சு வெட்டியவரின் பெயரெழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பதுண்டு. ஹில்பெர்ட்டும் அவ்வாறு தம் முதலெழுத்தைப் பொறித்தவரே. வீட்டில் அமர்ந்து அவற்றிற்கு வர்ணந் தீட்டிய பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் கையெழுத்தாக நிற்பவை அந்தப் பொத்தான் புள்ளிகளே.