கோமாரி நோயும் குருதிச் சான்றும்

பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கின் தேயிலைத் தோட்டங்களில், லயத்துக்கு அருகே மாட்டுப்பட்டி அமைத்து ஓரிரு பசுக்களைப் பேணும் குடும்பங்கள் உள. நாட்சம்பளத்துக்குத் துணையாக நிற்பது அப்பசுக்களின் பாலே. அவற்றின் நெடுநாட்பகை, கோமாரி எனப்படும் கால்வாய் நோயாகும். வாயிலும் குளம்பிடுக்கிலும் கொப்புளம் கண்ட பசு தீனியை மறுக்கும்; பால் வற்றும். 2014ஆம் ஆண்டிலும் இந்நோய் இலங்கையின் பல பகுதிகளிற் பரவியது.

பற்றீரியாக்களைத் தடுக்கும் வடிகட்டியையும் கடந்து செல்லும் நுண்பொருளே இந்நோய்க்குக் காரணம் என்பதை 1897இல் செருமானிய அறிஞர் லொப்லரும் புரொஸ்சும் காட்டினர். விலங்கு நோயொன்று வைரசினால் விளைவது என நிறுவப்பட்டது அதுவே முதன்முறை.

பின்னர், செயலிழக்கச் செய்த வைரசாலான தடுப்பூசி வந்தது. அதனோடு ஒரு சிக்கலும் வந்தது. நோயுற்றுத் தேறிய மாட்டின் குருதியிலும், தடுப்பூசி பெற்ற மாட்டின் குருதியிலும் வைரசின் புறவுறைக்கு எதிரான பிறபொருளெதிரிகள் காணப்படும். தேறிய மாடோ வைரசைத் தொண்டையில் நெடுநாள் தாங்கி நிற்கக்கூடும். ஆகவே, காக்கப்பட்ட மாடு எது, தொற்றுக்கண்ட மாடு எது எனப் பிரித்தறிதல் இன்றியமையாததாயிற்று.

இதற்கு வழிகாட்டியது வைரசின் இயல்பே. அது உயிரணுவினுட் பெருகும்போது, புறவுறையில் இடம்பெறாத வேறு சில புரதங்களும் தோன்றுகின்றன. செயலிழந்த வைரசு பெருகுவதில்லை; தூய்மையாக்கிய தடுப்பூசியில் அப்புரதங்கள் மிகக் குறைவு. தொற்றோடு தொடர்புடைய இத்தகைய பொருளொன்றைக் கோவனும் கிரேவ்சும் 1966இல் விவரித்தனர். எனினும் அதனைப் பெற உயிருள்ள வைரசை வளர்க்க வேண்டியிருந்தது. தப்பினால் நாட்டின் கால்நடைக்கே கேடாகும்.

இத்தடையை நீக்கியது மீளிணைப்பு முறை. 1981இல் அமெரிக்க ஆய்வாளர் இவ்வைரசின் புறவுறைப் புரதமொன்றைப் பற்றீரியாவில் உருவாக்கினர். 1990களில் 3ஏபிசி என்னும் புறவுறை சாராப் புரதமும் அவ்வாறே ஆக்கப்பெற்று, எலைசாச் சோதனைக்குப் பயன்பட்டது. இந்தியாவிலும் முக்தேசுவர் ஆய்வாளர் இத்தகைய மீளிணைப்புப் புரதமொன்றைக் கொண்டு சோதனை வகுத்தனர்.

எனினும் இச்சான்று குறையற்றதன்று. தூய்மை குன்றிய தடுப்பூசியைப் பன்முறை பெற்ற மாடும் தொற்றுக்கண்டதுபோற் காட்டலாம். தனியொரு மாட்டைவிட, மந்தையின் நிலையை உணர்த்துவதிலேயே இதன் வலிமை உளது.

தடுப்பூசி இட்டமையே ஒரு மாட்டின்மீது ஐயம் எழக் காரணமாகுமாயின், அதனை ஏற்க எவரும் தயங்குவர். ஒரே பசுவை நம்பி வாழும் தோட்டக் குடும்பத்துக்கு அவ்வையம் சிறிதன்று. காப்பையும் நோயையும் வேறாக்கிக் காட்டியதே இவ்வறிவியல் வரலாற்றின் பெரும்பேறு எனலாம்.