டாக்டர் ராஜனின் முப்பது விழுக்காடு

1930 ஏப்ரல் 13 அன்று வேதாரணியம் நோக்கி இராஜாஜியின் உப்புப் படை புறப்பட்ட இல்லம் எது என வினவினால், திருச்சிராப்பள்ளியில் பலரும் விடை கூறுவர். அவ்வில்லத்திற்குரிய மருத்துவர் நமக்கு விட்டுச்சென்ற சட்டம் எது என்று கேட்டால் விடை கிடைப்பது அரிது.

திருவரங்கத்தில் 1880-இல் பிறந்த டாக்டர் தி.சே.சௌ. ராஜன் இங்கிலாந்து சென்று மருத்துவம் கற்றவர், அங்கே வ.வே.சு. ஐயரோடு பழகியவர். எனினும் சமூக வழக்கங்களில் அவர் பழைமையைப் பேணியவராகவே இருந்தார். பிறப்பினால் உயர்வு தாழ்வு கற்பித்தலாகாது என்னும் தீர்மானம், சேரன்மாதேவி குருகுலப் பிணக்கையொட்டி 1925-இல் தமிழ்நாடு காங்கிரஸ் குழுவில் நிறைவேறியபோது, பதவி விலகியோருள் இராஜாஜியுடன் அவரும் ஒருவர். இதை மறைத்து அவர் புகழ் பாடுவது முறையன்று.

இத்தகையவர் 1937-இல் இராஜாஜி அமைச்சரவையில் சுகாதார அமைச்சரானார். ஜனாப் யாகூப் ஹசன் சேட் அவர்கள் பொதுப்பணித் துறையை ஏற்றிருந்ததும் அதே அமைச்சரவையில்தான். சுகாதாரம் மாகாணத்தின் பொறுப்பு; வருமான வரியோ மத்திய அரசின் கையில். போதாக்குறைக்கு, 1937 அக்டோபர் முதல் நாள் சேலத்தில் மதுவிலக்கு வந்தது. கள், சாராய வருமானம் குறைந்ததை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரி போட வேண்டியதாயிற்று.

அந்த 1939-ஆம் ஆண்டிலேயே சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம் பிறந்தது. இத்துறை முழுவதையும் ஒருங்கே தழுவிய சட்டங்களுள் இந்திய மாகாணங்களில் இதுவே முதலாவது. குடிநீர், கழிவுநீர், தொற்றுநோய், தாய்சேய் நலம், திருவிழாக் கூட்டம் என யாவும் அதில் அடங்கின. வைகுண்ட ஏகாதசிக்குத் திருவரங்கத்தில் திரள்வோரும், நத்தர்வலி தர்காவின் கந்தூரிக்கு வருவோரும் அருந்துவது ஒரே காவிரி நீரையன்றோ! காலரா எவரிடமும் மதம் கேட்டதில்லை.

சட்டத்தின் உயிர்நிலை அதன் நிதி விதியில் இருந்தது. அரசு மானியம் நீங்கலாக, நகராட்சி தன் வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கும், மாவட்டக் கழகம் 12½ விழுக்காட்டுக்கும் குறையாமல் சுகாதாரத்திற்கென ஒதுக்கியாக வேண்டும். மேலிருந்து பணம் வரட்டும் என்று காத்திராமல், ஊரின் பணத்தை ஊரின் நலத்திற்கே கட்டிப்போட்ட ஏற்பாடு இது. சிக்கனக்காரரின் சட்டம் என்று இதைக் கூறலாம். நாமும் அவ்வாறே கருதுகிறோம். ஆயின் அச்சிக்கனம் நோயாளியின் பங்கில் கைவைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

குறை இல்லாமலில்லை. செழித்த நகரின் முப்பது வேறு, வறிய ஊரின் முப்பது வேறு. வரி வசூலாகாத ஊரில் விழுக்காடு ஏட்டோடு நின்றுவிடும். காலராவும் அம்மையும் மிகுதியாக வருவதோ அவ்வூர்களுக்குத்தான்! அங்கே மேலிடத்தின் உதவியின்றி வழியில்லை. சட்டம் நிறைவேறிய அவ்வாண்டு அக்டோபரிலேயே அமைச்சரவையும் விலகிற்று. ராஜன் 1946-க்குப் பின் மீண்டும் அமைச்சராகி, 1953-இல் மறைந்தார்.

இன்று காற்று எதிர்த்திசையில் வீசுகிறது. பதினைந்தாவது நிதிக்குழு 2021 முதல் 2026 வரையிலான ஆண்டுகளுக்கு, உள்ளாட்சிகளின் வழியே சுகாதாரத்திற்கென 70,051 கோடி ரூபாயைப் பரிந்துரைத்தது. தேசிய நலவாழ்வுத் திட்டத்தில் நம் மாநிலத்தைப் போன்றவற்றுக்கு மத்திய அரசு அறுபது பங்கு தர, மாநிலம் நாற்பது பங்கு இடுகிறது. பணத்தோடு நிபந்தனைகளும் தில்லியிலிருந்தே வருகின்றன.

ராஜன் பிறந்த திருவரங்கத்திற்கு இப்போது தனி நகராட்சி இல்லை. 1994-இல் அது திருச்சி மாநகராட்சியோடு இணைந்தது. ஏகாதசிக் கூட்டத்திற்கும் கந்தூரிக் கூட்டத்திற்கும் ஆகும் துப்புரவுச் செலவு இன்று ஒரே மாநகராட்சியின் கணக்கில்தான் ஏறுகிறது.