டி.ஜி.எஃப்.பி.ஐ. மரபணு

மனிதனின் ஐந்தாம் குரோமோசோமின் நீண்ட கரத்தில் அமைந்து, உயிரணுக்கள் தம்மைச் சூழ்ந்த கொலாஜன் முதலிய பொருள்களோடு ஒட்டிநிற்கத் துணைபுரியும் ஒரு புரதத்தைப் பிறப்பிப்பது இம்மரபணு. 683 அமினோ அமிலங்கள் கோத்த அப்புரதம் சரீரத்தின் பல திசுக்களில் காணப்படினும், அது பழுதுற்றால் கேடு கருவிழியிலேயே வெளிப்படுவதால், இதன் சரித்திரம் ஆய்வுக்கூடத்தில் அன்றிக் கண் வைத்தியரிடம் தொடங்குகிறது.

1890-இல் ஜெர்மானிய வைத்தியர் ஆர்தர் குரோனோ, கருவிழியில் ரவை சிதறினாற்போன்ற வெண்புள்ளிகள் கொண்ட இருவரைக் குறித்து எழுதி, இருவருக்கும் உற்றது ஒரே வியாதியென்று கொண்டார். அதே ஆண்டில் பீபர், கோடுகள் பின்னலாய்ப் படரும் இன்னொன்றை விவரித்தார். 1938-இல் மாக்ஸ் பியூக்ளர்ஸ் இவ்வியாதிகளை மணிவகை, பின்னல்வகை, மங்கல்வகை எனப் பிரித்தார். குரோனோ கண்ட இருவரில் ஒருவர் மணிவகையினர், மற்றவர் மங்கல்வகையினர் என்பது பிற்காலத்தார் துணிபு.

மரபணுவோ வேறு வழியில் அகப்பட்டது. 1992-இல் ஸ்கோனியர் குழுவினர், நுரையீரல் புற்று உயிரணுக்களில் டி.ஜி.எஃப்.-பீட்டா என்னும் வளர்ச்சிக் காரணியால் தூண்டப்படுவதாக இதனைக் கண்டனர். பெயரும் அதனால் வந்தது. 1997-இல் மூனியே குழுவினர், புரதத்தின் 124-ஆம் இடத்து ஆர்ஜினின் சிஸ்டீனாக மாறினால் பின்னல்வகையும், 555-ஆம் இடத்து ஆர்ஜினின் டிரிப்டோபனாக மாறினால் மணிவகையும் உண்டாவதை நிறுவினர். கண்ணுக்கு வெவ்வேறாகத் தோன்றிய இரண்டும் ஒரே மூலத்தன. மணிவகையோடு ஒன்றென எண்ணப்பட்ட மங்கல்வகையோ 16-ஆம் குரோமோசோமின் சி.எச்.எஸ்.டி.6 மரபணுவைச் சார்ந்தது.

இந்த வேற்றுமை மதுரைச் சீமைக்கு ஏட்டளவில் நிற்பதன்று. 1976-இல் டாக்டர் கோ. வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கி, இன்று கப்பலூர், திருமங்கலம் வட்டாரத்தார் உட்படத் தென்தமிழகத்தார் நாடும் அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள், அமெரிக்க ஆய்வாளரோடு சேர்ந்து, தென்னிந்திய நோயாளிகளிடம் சி.எச்.எஸ்.டி.6-இன் புதிய பிறழ்வுகளை 2003-இல் வெளியிட்டனர். டி.ஜி.எஃப்.பி.ஐ. பிறழ்வுகளை இந்தியக் குடும்பங்களில் ஆராய்ந்த கட்டுரை 2005-இல் ஐதராபாத் எல்.வி. பிரசாத் கண் நிலையத்திலிருந்து வந்தது. மங்கல்வகை தாய், தந்தை இருவர் வழியும் பழுது வந்தாலன்றித் தோன்றாதாகலின், மாமன் மகள், அத்தை மகன் என்று சொந்தத்தில் கொண்டு கொடுக்கும் வழக்கம் அதற்கு இடந்தரும். டி.ஜி.எஃப்.பி.ஐ. வியாதிக்கோ ஒருவர் வழிப் பழுதே போதும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் அது வரும் வாய்ப்பு சரிபாதி. ஆதலால், கண்ணில் பூ விழுந்த குழந்தையைக் கண்டதும் சொந்தத்தில் கட்டியதையே பழிப்பது, இவ்வியாதியைப் பொறுத்தவரை வீண் பேச்சு.

சிகிச்சையில் படிவுகளை எக்ஸைமர் லேசரால் சுரண்டுவதும், முற்றியபின் தானக் கருவிழி பொருத்துவதும் உண்டு. ஆயினும் பொருத்திய கருவிழியின்மீது நோயாளியின் சொந்த மேற்றோல் உயிரணுக்கள் மீண்டும் படர்ந்து அதே புரதத்தைச் சுரப்பதால், சில ஆண்டுகளில் படிவு திரும்பக்கூடும். 124-ஆம் இடத்தில் ஹிஸ்டிடின் அமைந்த அவெல்லினோ வகையினர் கண்ணாடியைத் தவிர்க்க லாசிக் செய்துகொண்டால் படிவு பெருகுமாகையால், அச்சிகிச்சை அவர்களுக்கு விலக்கப்பட்டுள்ளது.