கறிக்கு ஒரு பிரியாவிடை

ஐரோப்பாவில் இருக்கும் நண்பர்கள் பிப்ரவரி மாதமானால் படம் படமாக அனுப்புவார்கள். வெனிஸில் முகமூடி, கொலோனில் கோமாளி வேஷம், பெல்ஜியத்தின் பான்ஷ் ஊரில் தீக்கோழி இறகுத் தொப்பி வைத்துக்கொண்டு கூட்டத்தின் மேல் ஆரஞ்சுப் பழம் வீசும் ஆட்கள். பார்க்க ஜோராகத்தான் இருக்கிறது. இதெல்லாம் எதற்குய்யா என்று கேட்டால் மட்டும், "ஏதோ குளிர்காலம் முடியற திருவிழா" என்று மழுப்புவார்கள். எனக்கு இந்தக் கார்னிவல் விவகாரம் விளங்கியது வெனிஸில் இல்லை. தில்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டின் கறிக்கடைச் சந்தில்.

தில்லிவாசிகளுக்கு ஐ.என்.ஏ. மார்க்கெட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: தில்லி ஹாட்டுக்கு எதிரே, மேலே கூரை போட்ட குறுகலான சந்துகள். கறிவேப்பிலை, வாழை இலை, முருங்கைக்காய், மரவள்ளிக்கிழங்கு, மட்டை அரிசி, மத்தி மீன் எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். தூதரகத்துக்காரர்கள் சீஸும் பன்றிக்கறியும் தேடி வருவதும் இங்கேதான். (ஐ.என்.ஏ. என்றால் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவம். மலேயாத் தோட்டங்களிலிருந்து எத்தனையோ தமிழர்கள் சேர்ந்த படை. அந்தப் பெயரைச் சொல்லித்தான் நாம் முருங்கைக்காய் வாங்கப் போகிறோம்!)

எங்கள் மாடிக்குடியிருப்பில் கோட்டயம் பக்கத்து சேச்சி ஒருவர் இருக்கிறார். மாசி மாதத்தை ஒட்டி ஒரு சனிக்கிழமை, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இறைச்சி வாங்கிக்கொண்டு வந்தார். "விருந்தா சேச்சி?" என்றேன். "நாளைக்குப் பேத்ருத்தா அல்லே" என்றார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு போனதுதான் இந்தப் பதிவு.

பேத்ருத்தா என்பது சிரியாக் மொழிச் சொல். கேரளத்து சிரியன் கிறிஸ்தவர்கள் ஈஸ்டருக்கு முன் 'அம்பது நோம்பு' இருப்பார்கள். அதற்கு முந்தின ஞாயிறுதான் பேத்ருத்தா. அன்றைக்கு வீட்டில் இறைச்சி, மீன், முட்டை எல்லாம் தாராளம். ராத்திரியோடு சரி. அந்தக் காலத்தில் கறி சமைத்த மண்சட்டியைக் கழுவி எடுத்து வைத்துவிடுவார்களாம், சில வீடுகளில் உடைத்தே போடுவார்களாம். மறுநாள் திங்கட்கிழமை நெற்றியில் சாம்பல். சீரோ மலபார் சபையார் அதை 'விபூதித் திங்கள்' என்கிறார்கள். நம்மூர்க் கத்தோலிக்கர்கள் ரோமாபுரி வழக்கப்படி இரண்டு நாள் கழித்து, புதன்கிழமை சாம்பல் பூசுகிறார்கள். அதற்கு விபூதிப் புதன், திருநீற்றுப் புதன் என்று நம் தமிழில் பெயர். திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. நண்பர்களைக் கேட்டால் 'லெந்து நாட்கள்' என்பார்கள்.

இப்போது கார்னிவல் என்ற சொல்லைப் பாருங்கள். இத்தாலியிலிருந்து வந்தது. 'கார்னே' என்றால் கறி, 'லெவாரே' என்றால் எடுத்துவிடுவது. கறியை எடுத்து வைக்கும் நாள்! முகமூடியும் கோமாளியும் அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டவை. ஆக, சேச்சி சட்டியைக் கழுவி வைத்ததுதான் அசல் கார்னிவல்.

அப்படியானால் ஒரு கேள்வி வருகிறது. ஒரே நோன்பு, ஒரே பிரியாவிடை. கோட்டயத்தில் அது அடுப்படியோடு நின்றுவிட்டது. ஐரோப்பாவில் மட்டும் ஏன் ஊரே தெருவில் இறங்கிக் கூத்தடித்தது? குளிர், ஒயின், வெள்ளைக்காரன் சுபாவம் என்றெல்லாம் சொல்லலாம். எனக்கு வேறொரு காரணம்தான் பெரிதாகப் படுகிறது: அங்கே கறிக்கடைக்குப் பூட்டுப் போட்டவன் அரசாங்கத்தான்.

மத்தியகால ஐரோப்பாவில் தவக்காலம் என்பது பக்தியுள்ளவர் பார்த்துக்கொள்ளும் சொந்த விஷயம் அல்ல, சட்டம். கறி மட்டுமல்ல, முட்டை, பால், வெண்ணெய்கூடத் தள்ளுபடி. இங்கிலாந்தில் செவ்வாய்க்கிழமை பான்கேக் சுடுவதும், போலந்தில் அதற்கு முந்தின வியாழக்கிழமை எண்ணெயில் பொரித்த இனிப்பு உருண்டைகளை வெளுத்துக்கட்டுவதும் வீட்டில் இருக்கிற முட்டை, வெண்ணெய், கொழுப்பையெல்லாம் தீர்க்கத்தான். ரஷ்யாவில் இன்னும் நுணுக்கம்: முதலில் கறியை நிறுத்திவிட்டு, ஒரு வாரம் வெண்ணெயும் தோசை மாதிரியான பிளினியுமாகத் தின்று தீர்த்து, பிறகு அதையும் நிறுத்துவார்கள். சட்டம் என்று இருந்தால் விலக்கும் இருக்குமே! பிரான்சில் ரூவான் ஊர்ப் பேராலயத்தில் 'வெண்ணெய்க் கோபுரம்' என்றே ஒன்று உண்டு. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கட்ட ஆரம்பித்தது. தவக்காலத்தில் வெண்ணெய் சாப்பிட அனுமதி கேட்டவர்கள் கட்டிய காசில் எழுந்தது என்பதால் அந்தப் பெயர்.

இந்தப் பூட்டை ஒருநாள் சில தொழிலாளிகள் உடைத்தார்கள். 1522, சூரிக் நகரம். கிறிஸ்டோஃப் ஃப்ரோஷௌவர் என்ற அச்சகக்காரர் வீட்டில், தவக்காலத்தின் முதல் ஞாயிறன்று, ராப்பகலாக வேலை பார்த்த ஆட்கள் சாசேஜ் சாப்பிட்டார்கள். ஆளுக்குக் கிடைத்தது ஒரு சின்னத் துண்டுதான். உல்ரிச் ஸ்விங்லி என்ற பாதிரியாரும் அங்கே இருந்தார்; அவர் சாப்பிடவில்லை. ஃப்ரோஷௌவரைப் பிடித்தார்கள். "புத்தகச் சந்தைக்கு வேலை முடிக்கணும், கூழைக் குடிச்சிட்டு என் ஆட்கள் எப்படி உழைப்பாங்க" என்கிற ரீதியில் அவர் வாதாடினார். ஸ்விங்லி இரண்டு வாரத்தில் பிரசங்க மேடை ஏறினார். நோன்பு இருக்க விரும்புகிறவர் இருக்கட்டும், விரும்பாதவரைக் கட்டாயப்படுத்த வேதத்தில் இடமில்லை என்றார். சுவிட்சர்லாந்தின் மதச் சீர்திருத்தம் அந்த சாசேஜில்தான் பற்றிக்கொண்டது என்று சரித்திரக்காரர்கள் சொல்வதுண்டு.

இதற்குப் பின்னால்தான் வேடிக்கை. சீர்திருத்தம் போன ஊர்களில் பெரும்பாலும் கட்டாய நோன்பும் போயிற்று, கார்னிவலும் போயிற்று. கத்தோலிக்க ஊர்களில் இரண்டும் தங்கின. (பாசல் நகரம் விதிவிலக்கு. புராட்டஸ்டண்ட் ஊர், ஆனால் சாம்பல் புதன் கழிந்த திங்களன்று விடிகாலை நாலு மணிக்கு விளக்கையெல்லாம் அணைத்துவிட்டுக் கொண்டாட்டத்தை ஆரம்பிப்பார்கள். ஒரு வாரம் லேட்!) இங்கிலாந்தில் இன்னொரு கூத்து. புராட்டஸ்டண்ட் நாடாகியும் மீன் நாள் சட்டத்தை விடவில்லை. 1563-ல் எலிசபெத் ராணியின் ஆட்சியில் புதன்கிழமையையும் கறியில்லா நாளாக்கினார்கள். காரணம் கடவுள் அல்ல. மீனவர் பிழைக்க வேண்டும், மீனவர் இருந்தால்தான் கப்பற்படைக்கு ஆள் கிடைக்கும் என்று சட்டத்திலேயே காரணம் எழுதி வைத்தார்கள். வயிற்றில் போடும் பூட்டுக்கு அரசாங்கத்திடம் எப்போதும் ஒரு நல்ல காரணம் இருக்கும் போலிருக்கிறது.

இந்தியாவுக்குக் கார்னிவலைக் கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர்கள். கோவாவில் அதற்கு 'இந்த்ரூஸ்' என்று பெயர். போர்த்துகீசிய 'என்ட்ரூடோ'வின் திரிபு, தவக்காலத்துக்குள் 'நுழைவது' என்று அர்த்தம். மாவுப் பொட்டலத்தை ஒருவர் மேல் ஒருவர் எறிவது, வண்ண நீர் தெளிப்பது என்று நம் ஹோலியின் ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. சலாசாரின் சர்வாதிகாரக் காலத்தில் அது மங்கிப்போய், 1961 டிசம்பரில் கோவா இந்தியாவோடு சேர்ந்த பிறகு, 1965-ல் பணஜியில் 'மோமோ ராஜா' ஊர்வலமாகப் புத்துயிர் பெற்றது. இப்போது தவக்காலத்துக்கு முந்தின சனிக்கிழமை ராஜா வண்டியேறி வந்து, நாலு நாளைக்குத் தின்னுங்கள், குடியுங்கள், ஜாலியாக இருங்கள் என்று ஆணையிடுவார். இது சுற்றுலாவுக்கான கூத்து என்று கோவாவின் திருச்சபைக்கே வருத்தம் உண்டு. எனக்கும் அந்த ஊர்வலத்தைவிட, சால்செட் பக்கத்துக் கிராமங்களில் அந்த நாட்களில் போடும் 'கெள்' என்ற தெருக்கூத்துதான் உசத்தி. அதில் உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் வண்டவாளம் தண்டவாளம் ஏறும்.

கோவாவில் நமக்கும் ஒரு சின்ன சம்பந்தம் இருக்கிறது. சாந்தோர் என்ற பழைய தலைநகரில், கார்னிவல் நாட்களில் 'முசள்' ஆட்டம் நடக்கும். முசள் என்றால் உலக்கை. கிறிஸ்தவர்களான ஆண்கள் உலக்கையால் தரையை இடித்தபடி வீடு வீடாக ஆடிப் போவார்கள். விஜயநகர இளவரசன் ஹரிஹரன் சோழர்களை வென்ற நினைவு என்பது ஊர் வழக்கு. சோழர் ஆட்சி 1279-லேயே முடிந்துவிட்டது, விஜயநகரம் தோன்றியது 1336-ல். கணக்கு உதைக்கிறது. ஆனாலும் பாருங்கள், கோவாக் கிராமத்தில் நம்மை ஜெயித்ததாக இன்னும் உலக்கை குத்திக்கொண்டிருக்கிறார்கள் :-)

மறுபடி ஐ.என்.ஏ.வுக்கு வருகிறேன், ஏனென்றால் பூட்டு இங்கேயும் வந்தது. 2022 ஏப்ரலில், சைத்ர நவராத்திரி நடக்கும்போது கறிக்கடைகளைத் திறக்க வேண்டாம் என்று அன்றைய தெற்கு தில்லி மேயர் அறிவித்தார். முறையான உத்தரவு எதுவும் வெளிவரவில்லை. ஆனாலும் பயத்தில் ஏப்ரல் 5-ஆம் தேதி ஐ.என்.ஏ. கறிக்கடைகள் மூடிக் கிடந்தன. அந்த வருடம் ஈஸ்டர் ஏப்ரல் 17. அதாவது சேச்சி வீட்டில் அன்றைக்கு எப்படியும் கறி கிடையாது. அம்பது நோம்பு நடந்துகொண்டிருந்தது. பக்கத்து வீட்டுப் பஞ்சாபிக் குடும்பத்திலும் நவராத்திரி விரதம், வெங்காயம் பூண்டுகூட இல்லை. இரண்டு வீட்டிலும் யாரும் சொல்லாமலே சட்டியைக் கழுவி வைத்தவர்கள்தான். பூட்டுப் போட்டதால் அவர்கள் விரதத்தில் ஒரு கிராம் புண்ணியம் கூடியதா என்று எனக்குத் தெரியவில்லை. கடைப்பையனுக்கு அன்றைய கூலி போனது.

நாம் மட்டும் என்ன, இந்த வழக்கம் தெரியாதவர்களா? புரட்டாசி பிறப்பதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை நம்மூர்க் கறிக்கடையில் நிற்கும் கூட்டம் எந்தக் கார்னிவலுக்குக் குறைச்சல்? மாரியம்மனுக்குக் காப்புக் கட்டுவதற்கு முன்னால் கிராமத்தில் சட்டி மணப்பதில்லையா? மராட்டியர்கள் சிராவண மாதத்துக்கு முந்தின அமாவாசைக்கு 'கட்டாரி' என்று பெயரே வைத்து வெளுத்துக்கட்டுகிறார்கள். இதில் தில்லியின் கிண்டல் வேறு: ஐரோப்பாவின் 'கொழுத்த செவ்வாய்' இங்கே வரும்போது அனுமாருக்கு உகந்த செவ்வாய். பல கறிக்கடைகளுக்கு அன்றுதான் வார விடுமுறை! சேச்சியின் ஞாயிற்றுக்கிழமைக்கும் ஒரு போட்டி உண்டு. 2026-ல் பேத்ருத்தாவும் மகா சிவராத்திரியும் ஒரே பிப்ரவரி 15. ஒரே மாடிப்படியில் ஒரு வீட்டில் வறுத்த கறி, எதிர் வீட்டில் கண்விழிப்பு.

உங்கள் ஊரில் கேரளத்து நண்பர்கள் இருந்தால் நாள் கணக்கு சுலபம். ஈஸ்டர் ஞாயிற்றிலிருந்து ஏழு வாரம் பின்னால் எண்ணுங்கள், பேத்ருத்தா. அழைப்பு வராவிட்டால் கவலை வேண்டாம். நோன்பின் ஆறாவது வாரச் சனிக்கிழமை, குருத்தோலை ஞாயிறுக்கு முதல் நாள், அவர்கள் வீட்டில் கொழுக்கட்டை. ஆமாம், நம்ம கொழுக்கட்டையேதான்: அரிசி மாவு, உள்ளே தேங்காயும் வெல்லமும். லாசருவின் வீட்டுக்கு இயேசு வந்த நினைவாக என்கிறார்கள், அந்த நாளுக்குப் பெயரே கொழுக்கட்டை சனி. போன தடவை சேச்சி ஆறு கொழுக்கட்டை கொடுத்தனுப்பினார். என் மனைவி ஒன்றைப் பிட்டுப் பார்த்துவிட்டு, "ஏலக்காய் கொஞ்சம் தூக்கல்" என்றாள். ஆறும் காலி.