ஒளிந்திருந்தோர் வரலாறு

போர் விளையாட்டு என்றதும் சுடுதலும் வீழ்த்துதலுமே நம் மனத்தில் எழுகின்றன. ஆனால் சுடாதிருப்பதையே திறமையாகவும், எதிரியின் கண்ணிற் படாமற் கடந்து செல்வதையே வெற்றியாகவும் கொண்ட வீடியோ விளையாட்டு வகையொன்று கடந்த நாற்பது ஆண்டுக் காலத்தில் வளர்ந்து, உள்ளங்கையளவு கருவிகளிலும் புகுந்து, உலகெங்கும் இளைஞரை ஆட்கொண்டுள்ளது. வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பியோரின் பெட்டிகளில் இத்தகைய கருவிகள் கல்முனைக் கரைக்கும் வந்து சேர்ந்தன. சிறுபிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிடாமல் இதன் வரலாற்றை நாம் நோக்க வேண்டும். ஏனெனில், ஒளிதல் என்பது இக்கரை மக்களுக்கு விளையாட்டாக மட்டும் இருந்ததில்லை.

இவ்வகையின் தோற்றமே சிந்தனைக்குரியது. 1987ஆம் ஆண்டு, யப்பானின் கொனாமி நிறுவனத்தில் இளம் வடிவமைப்பாளராக இருந்த ஹிடியோ கோஜிமாவிடம் போர் விளையாட்டொன்றை ஆக்கும் பணி ஒப்படைக்கப்பட்டது. அவருக்குக் கிடைத்ததோ எம்.எஸ்.எக்ஸ்.2 என்னும் எளிய வீட்டுக் கணினி. வீரர் பலரையும் குண்டுகள் பலவற்றையும் ஒரே வேளையில் திரையில் இயக்கும் வலு அதற்கு இல்லை. போரைக் காட்ட முடியாத கருவியில் போரைத் தவிர்ப்பதையே விளையாட்டாக்கினார் அவர். யேர்மன் சிறைமுகாமிலிருந்து போர்க்கைதிகள் தப்பிச் செல்வதைச் சித்திரிக்கும் 1963ஆம் ஆண்டு ஆங்கிலத் திரைப்படமான 'தி கிரேட் எஸ்கேப்' தமக்குத் தூண்டுகோலாக இருந்தது என்றும் அவர் கூறியுள்ளார். இவ்வாறு பிறந்ததே 'மெட்டல் கியர்'. கருவியின் ஏழ்மையே புதுமைக்கு வழிவகுத்தது எனலாம்.

கையடக்கக் கருவியின் கதையும் இதனை ஒத்ததே. ரயிலில் சலிப்புற்ற பயணியொருவர் கணிப்பானின் பொத்தான்களை அழுத்திப் பொழுது போக்கியதைக் கண்ட நின்டெண்டோ நிறுவனத்துக் குன்பெய் யொகோய், 1980இல் கையடக்க விளையாட்டுக் கருவியை உருவாக்கினார். பழகி மலிந்துபோன தொழில்நுட்பத்தைப் புது வழியிற் பயன்படுத்துவதே அவரது கொள்கை. 1989இல் அவர் குழு ஆக்கிய 'கேம் போய்' நான்கு சிறு பற்றரிகளில் மணிக்கணக்காக இயங்கியது. அதன் வழிவந்த வண்ணத்திரைக் கருவிக்கு 2000ஆம் ஆண்டு 'மெட்டல் கியர்: கோஸ்ட் பேபல்' வெளிவந்தது. தனியொரு வீரன் சுவரோரம் பதுங்குகிறான். வெற்று அட்டைப்பெட்டிக்குள் ஒடுங்குகிறான். காவலன் மறுபுறம் திரும்பும் கணத்துக்காகக் காத்திருக்கிறான். விரலளவு திரையிலே பொறுமை ஒரு போர்க்கலையாகிறது.

ஆனால், இக்கதை நிகழும் இடம் எது? ஆபிரிக்காவில் இருப்பதாகப் புனையப்பட்ட ஒரு நாடு. அமெரிக்க வீரனுக்கு முகம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, கடந்த காலம் இருக்கிறது. அந்நாட்டு உழவனுக்கோ தாய்க்கோ அவற்றுள் எதுவும் இல்லை. யாருடைய மண்ணில் ஒளிந்து விளையாடுகிறோம் என்ற வினாவை அச்சிறு திரை எழுப்புவதேயில்லை.

2010இல் பி.எஸ்.பி. கருவிக்கு வந்த 'பீஸ் வோக்கர்' இன்னும் கூர்ந்து நோக்கத்தக்கது. கதை 1974ஆம் ஆண்டுக் கொஸ்தாரிக்காவில் நிகழ்கிறது. 1948இல் தன் இராணுவத்தைக் கலைத்து, மறு ஆண்டே அதனை அரசியலமைப்பிலும் பொறித்த நாடு அது. அங்கே புகுந்த ஆயுதக் கும்பலை விரட்டக் கூலிப்படையொன்று அழைக்கப்படுகிறது. எதிரியைக் கொல்வதிலும் உயிருடன் பிடிப்பதே இங்கு இலாபம். பிடிபட்டவர் நம் படையிற் சேர்கின்றனர். அணுவாயுத அச்சுறுத்தலைக் கண்டிக்கும் இவ்விளையாட்டில், ஆடுபவரின் படையே இறுதியில் அணுவாயுதம் ஏந்திய இயந்திரத்துக்குச் சொந்தமாகிறது. சமாதானத்தின் பெயரால் எழும் படை எவ்வாறு தான் எதிர்த்ததாகவே மாறுகிறது என்பதனை இது காட்டுகிறது. கோஜிமாவின் ஆக்கத்தில் நாம் மெச்சத்தக்க நேர்மை இதுவே.

இனி நம் கரைக்கு வருவோம். 1990 ஓகஸ்ட் 3ஆம் நாளிரவு, வடக்கே காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்ற நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே மாதம் 12ஆம் நாள், சம்மாந்துறையை அடுத்த வீரமுனையிற் கோயிலில் அடைக்கலம் புகுந்திருந்த தமிழர் பலர் கொல்லப்பட்டனர். இரண்டு இடத்திலும் கொன்றோர் கையில் ஆயுதம் இருந்தது; கொல்லப்பட்டோர் கையில் இல்லை. இறைவன் சந்நிதியே இறுதி மறைவிடம் என நம்பிய மக்களுக்கு அதுவும் மறைவிடமாகவில்லை.

விளையாட்டில் ஒளிபவன் பயிற்சி பெற்ற படைவீரன். அவனுக்கு ஓர் இலக்கு உண்டு. பிடிபட்டால் மீண்டும் தொடங்கலாம். விளக்கை அணைத்துவிட்டு, அழும் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டு இருளில் இருந்த தாய்க்கு விடியலைத் தவிர வேறு இலக்கு ஏது? இவற்றினும் பெரிய வேறுபாடு ஒன்றுண்டு. திரையிலுள்ள வீரன் தனியன். ஒளிவதற்கு அவனுக்கு எவர் தயவும் வேண்டியதில்லை. மெய்யான வாழ்விலோ ஒளிவதற்குப் பிறர் வீட்டுக் கதவு திறக்க வேண்டும். அக்கொடிய ஆண்டுகளிலும் தமிழருக்கு முஸ்லிம்களும் முஸ்லிம்களுக்குத் தமிழரும் கதவு திறந்ததுண்டு. கொன்றோரின் கணக்கை நாம் எழுதியிருக்கிறோம். திறந்த கதவுகளின் கணக்கை இன்னும் முழுமையாக எழுதவில்லை.

2009இற் போர் முடிந்த பின் பிறந்த தலைமுறை இன்று வாலிபத்தை எட்டுகிறது. ஒளிதல் என்றால் அவர்களுக்குத் திரையில் ஆடும் ஆட்டமே. அதில் தவறில்லை, ஒளிதல் விளையாட்டாக மட்டுமே இருக்கும் காலம் நற்காலமே. ஆயினும் மருதமுனையின் தறியோரத்திலும் காரைதீவின் திண்ணையிலும் அந்த இரவுகளை நினைவில் வைத்திருக்கும் முதியோர் இன்னும் இருக்கின்றனர். ஒளிந்தவர் யார், ஒளித்து வைத்தவர் யார் என்று அவர்களிடம் கேட்டு எழுதுவது எழுத்தாளரின் கடமை மட்டுமன்று, இளைஞரின் கடமையுமாகும். அவர்கள் உயிரோடிருக்கும்போதே அது நிறைவேற வேண்டும்.